ஒரு சின்ன ஊருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

சிறிய நகராட்சி ஒன்றின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் "இங்கே வேலையே இல்லை" என்பார் ஒருவர். "ஒரு பெரிய ஃபேக்டரி வந்தால் போதும், ஊர் நிமிர்ந்துவிடும்" என்பார் இன்னொருவர். புள்ளிவிவரம் படிக்கிற மூன்றாமவர் குறுக்கிட்டு, "வேலையின்மை மூன்று சதவீதம்தானே, ஊர் நன்றாகத்தானே இருக்கிறது" என்று கேட்பார்.

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே ஊரைத் தவறாகப் படிக்கின்றன. நாட்டை அளக்கிற அளவுகோலை அப்படியே சுருக்கி ஊர்மேல் வைப்பதால் வருகிற கோளாறு இது. நாட்டுக்கு எல்லைக் காவல் உண்டு, சுங்கம் உண்டு, பெரும்பாலும் சொந்த நாணயமும் உண்டு. நகராட்சிக்கு இருப்பது வரைபடத்தில் ஒரு கோடு மட்டும்தான். காலையில் பாதி ஊர் அந்தக் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்பி வரும். சம்பளம் ஒரு பக்கம் கிடைக்கும், செலவு இன்னொரு பக்கம் நடக்கும். இந்தப் போக்குவரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஊரின் வேலைவாய்ப்பைப் பற்றி எதுவும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

வரத்து, பாய்ச்சல், கசிவு

ஊரை ஓர் ஏரியாக வைத்துக்கொள்வோம். ஏரி பயன்பட மூன்று காரியங்கள் சரியாக நடக்க வேண்டும். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வர வேண்டும். வந்தது மடைகள் வழியாக வயல் வயலாகப் பாய வேண்டும். கரை கசியாமல் இருக்க வேண்டும். வரத்து நின்றுபோனாலும் கொஞ்ச நாள் ஏரியில் தண்ணீர் தெரியும். கரையில் நின்று பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

ஊரின் பணமும் இப்படித்தான். வெளியிலிருந்து வருவது வரத்து. ஊருக்குள் கைமாறிக்கொண்டே இருப்பது பாய்ச்சல். வெளியூர்ப் பொருளுக்கும் வெளியூர் உரிமையாளருக்கும் போவது கசிவு. இதில் 'கசிவு' பொருளாதார நூல்களிலேயே புழங்கும் சொல். கட்டுரை முழுக்க இதே பொருளில் வரும்.

எல்லா வேலையும் ஒரே வகை அல்ல

ஊரில் ஒரு முடிதிருத்துபவர், ஓர் ஆசிரியர், ஒரு மளிகைக்காரர், ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் வேலை செய்து ஒருவருக்கொருவர் பணம் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் வேலை இருக்கிறது, சரி. ஆனால் மருந்தும் எரிபொருளும் கைபேசியும் அந்த ஊரில் விளைவதில்லை. அவற்றை வாங்க ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் பணம் வெளியே போகிறது. வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் வராவிட்டால், இந்த நால்வரும் எவ்வளவு உழைத்தாலும் கையில் சுற்றுகிற பணம் குறைந்துகொண்டேதான் வரும்.

ஆகவே, வெளியாரிடமிருந்து பணத்தை ஊருக்குள் கொண்டுவரும் வேலைகளைத் தனியாக எண்ணுவது வழக்கம். இவற்றுக்கு அடித்தள வேலைகள் என்று பெயர். ஊர்க்காரர்களுக்கே சேவை செய்து, ஊரில் ஏற்கெனவே இருக்கும் பணத்தில் நடப்பவை உள்ளூர் வேலைகள். 1930களில் அமெரிக்காவில் வீட்டுக்கடன்களுக்கு அரசு காப்பீடு தரத் தொடங்கியபோது, ஒரு நகரம் வளருமா தேயுமா என்று முன்கூட்டி மதிப்பிட வேண்டியிருந்தது. அந்த வேலைக்காக ஹோமர் ஹாய்ட் என்ற நிலப் பொருளியலாளர் இந்தப் பிரிவினையை ஒரு கணக்கு முறையாக வளர்த்தெடுத்தார்.

அடித்தளம் என்றவுடன் புகைபோக்கிதான் மனதுக்கு வருகிறது. அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். வெளியூருக்கு விற்கும் ஆலையும் சுரங்கமும் பண்ணையும் அடித்தளம்தான். சுற்றுலாப் பயணி தங்கும் விடுதியும் அதே வகை. அங்கே பொருள் வெளியே போகவில்லை, வாங்குபவர் உள்ளே வருகிறார். சுற்றுவட்டாரத்துக்கே பொதுவான மருத்துவமனை, வெளியூர் மாணவர் படிக்கும் கல்லூரி, மேலிருந்து சம்பளம் வரும் அரசு அலுவலகம் எல்லாமே அடித்தளம். பக்கத்து நகரத்தில் வேலை பார்த்துச் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவருபவர் தன் உழைப்பை ஏற்றுமதி செய்கிறார் என்றே சொல்லலாம். முதியோர் அதிகமுள்ள ஊர்களில் ஓய்வூதியமே பெரிய வரத்தாக இருக்கக்கூடும். ஆலை எதுவும் கண்ணில் படாத ஓர் ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று வியப்பவர்கள் அஞ்சலகத்திலும் வங்கியிலும் மாதத் தொடக்கத்தில் கூடும் கூட்டத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு தொழில் ஊருக்கு அடித்தளமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எளிய வழி ஒன்று இருக்கிறது. ஊரில் மொத்தம் 1,500 வேலைகள். அதில் 450, அதாவது 30 சதவீதம், மரத்தொழிலில். நாடு முழுவதும் மரத்தொழிலின் பங்கு 6 சதவீதம். முப்பதை ஆறால் வகுத்தால் ஐந்து. இந்த எண்ணைச் செறிவு எண் என்று வைத்துக்கொள்வோம். அது ஒன்றுக்கு மேல் போனால், ஊர் தன் தேவைக்கு மேல் செய்து வெளியே விற்கிறது என்று ஊகிக்கலாம். இந்த ஊரின் சொந்தத் தேவைக்கு 6 சதவீதம், அதாவது 90 பேர் போதும். மீதி 360 பேர் வெளியாருக்காக உழைக்கிறார்கள். இது தோராயக் கணக்குதான். எல்லா ஊர்க்காரரும் நாட்டின் சராசரி மனிதரைப் போலவே வாங்குவார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் கையில் வேறு தரவு இல்லாதபோது இது நல்ல தொடக்கம்.

ஒரு வேலை எத்தனை வேலையைத் தரும்?

ஆலைத் தொழிலாளி வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதி மளிகைக்காரருக்குப் போகிறது. மளிகைக்காரர் அதில் ஒரு பகுதியை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கிறார். இப்படி முதலில் வந்த தொகை சுற்றிச் சுற்றி எத்தனை மடங்கு வருமானமாக மாறுகிறது என்று சொல்லும் எண்ணுக்குப் பெருக்கி என்று பெயர். 1931இல் பொருளியலாளர் ரிச்சர்ட் கான் இதை வேலைவாய்ப்புக்காக வகுத்துக் காட்டினார். 1936இல் இன்னொரு பொருளியலாளரான கெய்ன்ஸ் அதைத் தன் கோட்பாட்டின் நடுவில் வைத்தார். இருவரும் மனதில் வைத்திருந்தது ஒரு நாட்டை. சின்ன ஊருக்கு அதைக் கொண்டுவரும்போது விடை வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வெளியிலிருந்து வந்த பணம் 100. ஊர்க்காரர்கள் கைக்கு வரும் ஒவ்வொரு 100இலும் 60 உள்ளூரிலேயே செலவாகி இன்னோர் ஊர்க்காரரின் வருமானமாகிறது என்றால், 100, பிறகு 60, பிறகு 36, பிறகு 21.6 என்று குறைந்துகொண்டே போய், எல்லாம் சேர்ந்து 250இல் நிற்கும். உள்ளூரில் தங்குவது 30தான் என்றால் 100, 30, 9, 2.7 என்று நாலாவது சுற்றிலேயே வற்றிவிடும். மொத்தம் 143 கூட வராது. வரத்து ஒன்றேதான். கசிவு மாறியதால் மட்டும் இவ்வளவு வித்தியாசம்.

சின்ன ஊரில் கசிவு ஏன் அதிகம்? விற்பதற்கு அங்கே குறைவான பொருள்களே இருப்பதுதான் முதல் காரணம். துணியும் தளவாடமும் மருத்துவப் பரிசோதனையும் தேவைப்பட்டால் அடுத்த நகரத்துக்குப் போகிறார்கள், அல்லது ஆன்லைனில் வாங்குகிறார்கள். உள்ளூரில் வாங்கினாலும் கடை வெளியூர் நிறுவனத்தின் கிளையாக இருந்தால், விற்பனைப் பணத்தில் ஊரில் தங்குவது ஊழியர் சம்பளமும் வாடகையும் கொஞ்சம் வரியும்தான். கொள்முதலும் லாபமும் அன்றைக்கே கிளம்பிவிடும்.

பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டி அமெரிக்கப் பெருநகரப் பகுதிகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, உற்பத்தித் தொழிலில் கூடும் ஒரு வேலை அதே நகரில் உள்ளூர்ச் சேவைகளில் 1.6 வேலைகளை உருவாக்குகிறது. பலர் இந்த எண்ணை எடுத்து எந்த ஊருக்கு வேண்டுமானாலும் ஒட்டிவிடுகிறார்கள். அவர் அளந்தவை பெரிய நகரங்கள். அங்கே பணம் சுற்றுவதற்கு இடம் உண்டு. ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் அதே பெருக்கியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. "நேரடியாக 500, மறைமுகமாக 2,000" என்று ஒரு திட்ட அறிக்கை சொன்னால், அந்த 2,000 எந்தக் கோட்டுக்குள் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது மாவட்டம் முழுக்கவோ, சில சமயம் நாடு முழுக்கவோ பரவிக் கிடக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வெளிப்பணத்தைக் கொண்டுவருவது அடித்தள வேலை. அந்தப் பணம் ஊருக்குள் சுற்றும்போது உள்ளூர் வேலைகள் பிழைக்கின்றன. எத்தனை சுற்று என்பதைத் தீர்மானிப்பது கசிவு.

ஊரில் இருக்கும் வேலையும் ஊர்க்காரர் செய்யும் வேலையும்

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான், என் கணிப்பில், ஆகப் பரவலான குழப்பம். கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டி வெர்னன் என்று ஒரு நகராட்சி இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் 222 பேர். வேலைக்கு வருபவர்களோ பல்லாயிரம். ஏறக்குறைய முழுக்க ஆலைகளும் கிடங்குகளும்தான். 'வெர்னனில் வேலைவாய்ப்பு எப்படி?' என்ற கேள்விக்கு, வேலைகளை எண்ணினால் ஒரு பதிலும் குடியிருப்பவர்களை எண்ணினால் வேறொரு பதிலும் வரும்.

இது கோடியில் ஒன்று என்று தள்ளிவிட வேண்டாம். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் வசிப்பவர்கள் சுமார் ஏழாயிரம் பேர். 1932இல் ஒரு தச்சர் அங்கே மரப் பொம்மை செய்யத் தொடங்கியது பிற்பாடு லெகோ நிறுவனமாக வளர்ந்தது; நிறுவனம் தன் தேவைக்குப் போட்ட ஓடுபாதை 1964 முதல் பொது விமான நிலையமாக இருக்கிறது. தினமும் வெளியூர்களிலிருந்து ஏராளமானோர் அங்கே வேலைக்கு வருகிறார்கள். ஆனால் டென்மார்க்கில் நகராட்சிக்குச் சேரும் வருமான வரி, ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கு அல்ல, வசிக்கும் இடத்துக்குப் போகிறது. வேலை ஓர் ஊரில், வரி இன்னோர் ஊரில். இதே ஏற்பாடு வேறொரு நாட்டில் வேறு மாதிரி இருக்கும். ஆகவே, வேலைகள் அதிகமுள்ள நகராட்சியின் கஜானாவும் நிறைந்திருக்கும் என்று சும்மா எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிரான்ஸில் சுமார் 35,000 கம்யூன்கள், அதாவது மிகச் சிறிய நகராட்சிகள், இருக்கின்றன. அந்த நாட்டின் புள்ளிவிவர நிறுவனமான இன்ஸே ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வெளியிடுகிறது: ஊரில் வசிக்கும் வேலையுள்ளோர் 100 பேருக்கு, ஊருக்குள் இருக்கும் வேலைகள் எத்தனை? நூறுக்கு மேல் போனால் அந்த ஊர் ஆட்களை இழுக்கிறது. முப்பது நாற்பது என்றால் அது முக்கியமாகக் குடியிருப்பு ஊர். குடியிருப்பு ஊராக இருப்பது ஒரு குறையல்ல. வெளியே சம்பாதித்து உள்ளே செலவு செய்தால் அதுவும் நல்ல வரத்துதான். வெளியே சம்பாதித்து, வரும் வழியில் வெளியிலேயே செலவும் செய்துவிட்டு வந்தால்தான் ஊர் வெறும் தூங்குமிடமாகிறது.

இதனால்தான் பிரிட்டனில் வேலைச் சந்தையை ஆராய நகராட்சி எல்லையை நம்பாமல் தனி வரைபடமே போடுகிறார்கள். ஒரு வட்டாரத்தில் வசிக்கும் உழைப்பாளரில் குறைந்தது 75 சதவீதம் அங்கேயே வேலை செய்ய வேண்டும்; அங்கே வேலை செய்பவரில் 75 சதவீதம் அங்கேயே வசிக்க வேண்டும்; பெரிய வட்டாரங்களுக்குக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார்கள். அப்படிப் பிரித்தபோது 2011 கணக்கெடுப்பின் அடிப்படையில் நாடு முழுக்கக் கிடைத்தவை 228 வட்டாரங்கள்தான். உள்ளாட்சிக் கோடுகளுக்கும் அவற்றுக்கும் பெரும்பாலும் பொருத்தம் இல்லை.

வேலையின்மை விகிதம் எதைச் சொல்கிறது?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறையில், வேலையற்றவர் என்று எண்ணப்பட மூன்று நிபந்தனைகள் ஒருசேர வேண்டும். வேலை இல்லாமல் இருக்க வேண்டும், வேலை தேட வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் வாரத்தில் ஊதியத்துக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் வேலையுள்ளவர். வேலையுள்ளோரும் வேலையற்றோரும் சேர்ந்தது உழைப்பாளர் தொகை. வேலையின்மை விகிதம் என்பது இந்த உழைப்பாளர் தொகையில் வேலையற்றோரின் பங்கு. ஊர் மக்கள் மொத்தத்தில் அல்ல.

இதன் விளைவு கொஞ்சம் விசித்திரமானது. ஓர் ஊரில் 15 வயதைக் கடந்தவர்கள் 4,000 பேர். வேலையுள்ளோர் 2,200, வேலை தேடுபவர்கள் 100. விகிதம் 4.3 சதவீதம். அந்த நூறு பேரில் 60 இளைஞர்கள் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்கள். இப்போது தேடுபவர்கள் 40, விகிதம் 1.8 சதவீதம். ஊரில் ஒரு வேலைகூடப் புதிதாக வரவில்லை. அறுபது பிள்ளைகள் போனதை அட்டவணை முன்னேற்றம் என்று காட்டுகிறது. அந்த அறுபது பேரும் போகாமல், தேடிச் சலித்துத் தேடுவதையே விட்டிருந்தாலும் இதே 1.8தான் வரும்.

எனவே கூடவே இன்னோர் எண்ணையும் பார்க்க வேண்டும்: வேலை செய்யும் வயதினரில் எத்தனை பேர் உண்மையில் வேலை செய்கிறார்கள்? மேலே சொன்ன ஊரில் அது 55 சதவீதம். இளைஞர்கள் தேடுவதை நிறுத்தினாலும் இந்த எண் அசையாது, ஏமாற்றுவது குறைவு. ஊரைவிட்டுப் போனால் மட்டும் வகுக்கும் எண் குறைவதால் லேசாக உயரும். அதற்கு மருந்து, மக்கள்தொகை எப்படி மாறியிருக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

இன்னொரு சிக்கல், எண்ணிக்கையே சிறியது என்பது. உழைப்பாளர் தொகை 300 உள்ள ஊரில் மூன்று பேர் வேலை இழந்தால் விகிதம் ஒரு சதவீதப் புள்ளி ஏறும். அதைச் செய்தியாக்கினால் நெருக்கடி மாதிரி இருக்கும். தவிர, நாட்டின் மாதிரிக் கணக்கெடுப்பில் இவ்வளவு சிறிய ஊரில் பத்து வீடுகூட அகப்படாமல் போகலாம். அதனால் சிற்றூர்களுக்கான எண்கள் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தோ, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவிலிருந்தோ, மதிப்பீட்டிலிருந்தோ வருகின்றன. பதிவு செய்தால் ஏதாவது உதவி கிடைக்கும் என்றால்தான் ஆட்கள் பதிவு செய்வார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தப் பகுதியின் சாரம்: வேலைகள் எத்தனை, வேலையுள்ள ஊர்க்காரர்கள் எத்தனை, தேடுபவர்கள் எத்தனை என்பவை மூன்று தனி எண்கள். ஒன்றிலிருந்து மற்றதை ஊகிக்க முடியாது.

ஒரே ஆலையை நம்பிய ஊர்

வியன்னாவுக்குத் தெற்கே மரியன்டால் என்ற குடியிருப்பு. சுமார் 1,500 பேர். எல்லாம் ஒரு நெசவாலையைச் சுற்றி. உலகப் பெருமந்தத்தின் தொடக்கத்தில், 1929–30இல், ஆலை மூடப்பட்டது. சமூக ஆய்வாளர்களான மாரி யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோர் தலைமையில் ஒரு குழு 1931–32இல் அங்கே தங்கி ஆராய்ந்து, 1933இல் முடிவுகளை வெளியிட்டது. அப்போது நான்கில் மூன்று குடும்பங்கள் அரசின் வேலையின்மை உதவியில்தான் இருந்தன. அதாவது ஊரின் வரத்து சம்பளத்திலிருந்து உதவித்தொகைக்கு மாறியிருந்தது. அதுவும் காலவரையறை உள்ளது.

எனக்குப் பிடித்தது அவர்கள் அளந்த விதம். தெருவில் மக்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வாசிக்க நேரம் கொட்டிக் கிடந்தும், நூலகக் கட்டணம் நீக்கப்பட்டும், எடுத்துப் படிக்கும் புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வேலை போனால் போராட்டம் வெடிக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அங்கே கிடைத்தது சோர்வுதான்.

ஒரே முதலாளி உள்ள ஊரில் ஆலை ஓடும்போதும் ஒரு சிக்கல் உண்டு. உழைப்பை வாங்க ஒருவரே இருந்தால் கூலியை அவரே தீர்மானிப்பார். தொழிலாளிக்கு மாற்று, ஊரைவிட்டுப் போவது. இந்த நிலைமைக்கு 1933இல் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் ஒரு தனிக் கோட்பாடே வகுத்தார். நல்ல சாலையும் பேருந்தும் சில சமயம் ஒரு புது ஆலையைவிட அதிகக் கூலியை ஊருக்குக் கொண்டுவருவது இதனால்தான். பக்கத்து நகரத்து வேலை எட்டும் தூரத்துக்கு வந்தால் உள்ளூர் முதலாளியும் கொஞ்சம் இறங்கி வருவார்.

மரியன்டால் அடங்கிய கிராமட்நொய்சீட்ல் நகராட்சியில் 2020 அக்டோபரில் ஒரு சோதனை தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்த எவருக்கும் முறையான ஊதியத்தில் வேலை தரப்பட்டது. சேர்வது அவரவர் விருப்பம். அங்கே நீண்டகால வேலையின்மை ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பணம் அரசின் வேலைவாய்ப்புத் துறையிலிருந்து வந்தது. நகராட்சி தன் சொந்த வரியில் இதைச் செய்திருக்க முடியாது.

"ஐந்நூறு வேலை வருகிறது" என்றால்

அறிவிப்பு வந்ததும் கைதட்டுவதற்கு முன் சில விஷயங்களை விசாரிக்கலாம். அந்த வேலைகளுக்குத் தேவையான திறமை ஊரில் இருக்கிறதா, இல்லை, வெளியூர் ஆட்கள் பேருந்தில் வந்து போவார்களா? மூலப்பொருளும் பழுதுபார்ப்பும் போக்குவரத்தும் ஊரில் வாங்கப்படுமா? வரிச்சலுகைக்கும் நிலத்துக்கும் தண்ணீருக்கும் ஊர் கொடுப்பதை வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலைக்கு எவ்வளவு விழுகிறது? சலுகைக் காலம் முடிந்த மறுநாளும் அந்த நிறுவனம் இருக்குமா?

வெளியே விற்பது மட்டுமே வளர்ச்சி என்று நினைப்பதும் தவறு. 1955–56இல் பொருளியலாளர் டக்ளஸ் நார்த் வட்டார வளர்ச்சிக்கு ஏற்றுமதியே உந்துவிசை என்று வாதிட்டபோது, இன்னொரு பொருளியலாளரான சார்ல்ஸ் டீபோ எளிய மறுப்பு ஒன்றை வைத்தார்: உலகம் முழுவதையும் ஒரே வட்டாரமாக எடுத்துக்கொண்டால் அதற்கு ஏற்றுமதி என்பதே கிடையாது, ஆனாலும் அது வளரத்தானே செய்கிறது? வெளியில் வாங்கிக்கொண்டிருந்ததை ஊரிலேயே செய்யத் தொடங்கினாலும் வருமானம் கூடும். வட்டாரம் பெரிதாகப் பெரிதாக இந்த வழியின் பங்கும் பெரிதாகும்.

ஒரு பேரங்காடி வந்து 80 பேருக்கு வேலை தருவதாகச் சொல்கிறது என்று வையுங்கள். அது அடித்தள வேலை அல்ல. வாங்குபவர்கள் அதே ஊர்க்காரர்கள், பணம் அதே பணம். ஏற்கெனவே இருக்கும் கடைகளின் வியாபாரத்தைத்தான் அது எடுத்துக்கொள்ளும் என்றால், அங்கே போகும் வேலைகளை இந்த 80இல் கழித்துத்தான் சொல்ல வேண்டும். கடைக்காரரின் லாபம் உள்ளூரில் செலவானதுபோல் பேரங்காடியின் லாபம் செலவாகாது என்பதால் கசிவும் கூடும். ஆனால் அதுவரை எல்லோரும் பக்கத்து நகரத்துக்குப் போய்த்தான் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்றால் கணக்கே தலைகீழ். வெளியே போய்க்கொண்டிருந்த பணத்தில் ஒரு பகுதியாவது இங்கே சம்பளமாக நிற்கும். ஊருக்கு இது எந்த வகை என்று தெரிந்துகொள்ள பெரிய ஆய்வு வேண்டியதில்லை; மக்கள் இப்போது எங்கே போய் வாங்குகிறார்கள் என்று நூறு வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும்.